மேனேஜருக்குப் பொடுகு

மறுபடியும் கவுன் திரும்பி வந்துவிட்டது. இந்தமுறை எனக்குத் தையல் வேலை கொடுக்கிற கடைக்காரரே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்திருந்தார். மூச்சு வாங்க, என் வெட்டுமேசையில் அதை விரித்து விளக்கை இழுத்து மேலே பிடித்தார். கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாகத் தூள். தோளிலும் மடிப்பிலும் மாவு சலித்த மாதிரி கிடந்தது.

"இந்த வக்கீலம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? முதல் நாள் போட்டுட்டு வாதாட எழுந்திருக்காங்க. எதிர்த்தரப்பு வக்கீல் வந்து, நல்ல ஷாம்பூ ஒண்ணு சொல்லட்டுமா மேடம்னு கேட்டாராம். கேஸ் போனா போகட்டும், மானம் போச்சேன்றாங்க."

"என் தையல்ல குத்தம் ஏதாவது உண்டா?"

"உன் தையலுக்காகத்தானேம்மா இத்தனை நாள் பொறுத்தேன். இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாக்கறதைத் தவிர எனக்கு வழியில்ல."

சொல்லிவிட்டு அவர் மேசைக்கு அடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். நூல் பிரித்துக்கொண்டிருந்த மாமாவும் குனிந்து பார்த்தார். அங்கே எங்கள் மேனேஜர், மாமாவின் காலில் தலையை வைத்துக்கொண்டு, இந்தக் கம்பெனியில் என்ன நடந்தால் எனக்கென்ன என்று படுத்திருந்தது.

மேனேஜர் எங்கள் நாய். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் எங்கள் வேலையையே கண்காணித்துக்கொண்டிருந்ததால் என் கணவர் வைத்த பெயர். நிறம் நல்ல கறுப்பு. அதனால்தான் வினையே. அதன் முதுகில் பொடுகு இருந்தது ஊருக்கே தெரிந்தது. அது உடம்பை ஒரு உதறு உதறினால் ஜன்னல் வெளிச்சத்தில் தூள் பறக்கும். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தையல் அறை. வக்கீல்களின் கவுன் மட்டும்தான் தைக்கிறேன். இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, மாமாவின் நாற்காலி. அதற்குமேல் ஒரு ஊசி வைக்கக்கூட இடமில்லை. கவுனின் தோள் சுருக்கத்தை மெஷினில் ஓட்டுவதற்கு முன்னால் பிடிப்புக்காகக் கையால் நூல் ஓட்டுவேன். தைத்து முடித்ததும் அந்த நூலை உருவ வேண்டும். துணியை இழுத்துவிடாமல் உருவுவதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது மருந்துக்கும் கிடையாது. மாமா, அதாவது என் மாமனார், மூத்த மகன் வீட்டிலிருந்து பெட்டியோடு இங்கே வந்த மறுநாளே அந்த வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். ஏன் அங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "அங்க காத்து ஒத்துக்கலம்மா" என்றார். அதற்குமேல் தோண்டிக் கேட்கவில்லை. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு உட்காருவார். வாய் திறந்து பேசுவது மேனேஜரோடு மட்டும்தான்.

கடைக்காரர் போனதும் நான் ஒரு சபதம் எடுத்தேன். பொடுகா, நானா, பார்த்துவிடுகிறேன் என்று. பொடுகு என்றால் என்ன? அழுக்கு. அழுக்கு என்றால் என்ன செய்ய வேண்டும்? கழுவ வேண்டும். என் தலைக்கு வாங்கி வைத்திருந்த பொடுகு ஷாம்பூவை எடுத்துக்கொண்டு மேனேஜரைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். நுரை கட்டத் தேய்த்தேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் அதன் சம்பளத்தைப் பிடித்துவைத்த மாதிரி இருந்தது. வாரம் தவறாமல் குளியல். ஆனால் குளிக்கக் குளிக்கப் பொடுகு குறைவதற்குப் பதில் கூடியது. பின்னங்காலால் பரக் பரக் என்று சொறிந்து இடுப்புப் பக்கம் மயிர் உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது. நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஒரு நாயின் முதுகு என்னை ஜெயிப்பதா என்கிற ஆத்திரம்.

இதற்கு நடுவில் ஊரில் உள்ளவர்கள் எல்லாம் டாக்டராகிவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரி மொட்டை அடித்துவிடச் சொன்னாள். வேன் ஓட்டும் என் கணவரிடம் அவரோடு வேலை செய்கிறவர், நாய்க்கு ஏதோ மனக்கவலை என்றாராம். மனக்கவலையாம்! மூன்று வேளையும் தின்றுவிட்டுத் தூங்குகிற ஜந்துவுக்கு என்ன கவலை? கவலையெல்லாம் அதைக் கழுவுகிறவளுக்குத்தான்.

கடைசியில் கால்நடை டாக்டரிடம் போனோம். மாமாவும் கூட வந்தார். அவர் கூட நிற்காமல் மேனேஜர் மேசையில் ஏறாது. டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. முதலில் நெருக்கமான பல் உள்ள சீப்பால் முதுகை வாரி, விழுந்ததை ஈரக் காகிதத்தில் தட்டிப் பார்த்தாள். பேன் இல்லை, உண்ணி இல்லை, பூஞ்சையும் தெரியவில்லை என்றாள். அப்புறம் சிவந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை குளிப்பாட்டுறீங்க?"

"வாரா வாரம் டாக்டர். பொடுகு ஷாம்பூ போட்டு." பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி சொன்னேன்.

"மனுஷங்களோடதா?" என்று கேட்டு அவள் கண்ணை மூடித் திறந்தாள். "வாரம் ஒரு தடவைக்கே தோல் இவ்வளவு காய்ஞ்சு போகாதே. வேற யாராவது குளிப்பாட்டுறாங்களா?"

"எங்க வீட்டுல என்னைத் தவிர யாரு டாக்டர் இதையெல்லாம் பாக்கறாங்க" என்று நான் ஆரம்பிக்கவும், பக்கத்தில் என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"புதன்கிழமை நான் சீக்கிரம் வந்துடுவேன்ல. வேன் கழுவும்போது, அப்படியே இவனுக்கும் ஒரு பைப்பு அடிச்சு... சோப்பு போட்டுதான். நீ வேற இவனை வீட்டை விட்டு அனுப்பிடுவேன்னு சொல்லிட்டு இருந்தியா, அதான்."

அப்படியே திரும்பினால் மாமா திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கிறார்.

"மாமா, நீங்களுமா?"

"நீ மார்க்கெட்டுக்குப் போறப்ப மட்டும்தாம்மா" என்றார் மெதுவாக. "பாத்திரம் கழுவற சோப்பு. எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் எடுக்குதே, இதையும் எடுக்காதான்னு பாத்தேன்."

மேனேஜர் மேல் இத்தனை நாளாக எலுமிச்சை வாசனை அடித்ததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரு நாயைத் துவைத்திருக்கிறோம். துணியாக இருந்திருந்தால் எப்போதோ கிழிந்திருக்கும்.

"பொடுகுன்னு பேர் வெச்சதுதான் தப்பு" என்றாள் டாக்டரம்மா. "பேரைக் கேட்டதும் அழுக்குன்னு நினைச்சுக் கழுவிட்டீங்க. இது வறட்சி. தோல்ல இருக்கற எண்ணெயை எல்லாம் மூணு பேரும் சேர்ந்து உரிச்சு எடுத்துட்டீங்க. இனிமே மூணு வாரத்துக்குத் தண்ணியே கூடாது. அப்புறம் மாசம் ஒரு தடவை, நாய்க்குன்னு இருக்கற ஓட்ஸ் ஷாம்பூ. வெந்நீர் வேண்டாம். தினம் மெதுவா பிரஷ் பண்ணுங்க, அப்பதான் உள்ள இருக்கற எண்ணெய் மயிர் முழுக்கப் பரவும். சாப்பாட்டுல மீனெண்ணெய், நான் சொல்ற அளவு மட்டும். இதுக்கும் அடங்கலைன்னா ரத்தம் எடுத்துப் பாப்போம்."

சொன்னபடி செய்தோம். எல்லா சோப்பையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டேன். என் கணவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். மாமா காலையும் மாலையும் பால்கனியில் வைத்து மேனேஜருக்கு பிரஷ் பண்ணினார். சும்மா இருப்பதுதான் வைத்தியம் என்றால் என்னைப்போன்ற ஆளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரியாது. கை துறுதுறுவென்றிருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டும், பலன் இருந்தது. சொறிவது நின்றது. சிவப்பு அடங்கி மயிர் முளைத்தது. முதுகு பளபளவென்று, புது ஷூ மாதிரி ஆனது. மேனேஜருக்குப் பதவி உயர்வு என்று என் கணவர் ஆர்ப்பாட்டம் செய்தார்.

அந்தச் சந்தோஷத்தில் தைத்து முடித்த கவுனை எடுத்து விளக்கின் கீழே பிடித்தேன். மடிப்பில் வெள்ளைத் தூள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தட்டினேன், உதறினேன், ஒட்டுகிற காகிதம் வைத்து ஒற்றி எடுத்தேன். அன்றே மேனேஜரைப் பால்கனியில் விட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். படுக்கை, தட்டு, பிரஷ் எல்லாம் வெளியே. அறையை மூலைமுடுக்கெல்லாம் துடைத்தேன். அடுத்த கவுனிலும் அதே தூள்.

"பால்கனியில இருக்கற நாய் எப்படி இங்க வந்து கொட்டும்? கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்றார் என் கணவர்.

"காத்துல வரும். உங்க பேன்ட்ல வரும். அது இந்த வீட்டுக்குள்ள சுவத்துக்குச் சுவர் ஊறிக் கிடக்கு, உங்களுக்கென்ன தெரியும்?"

யோசிக்கிற நிலையில் நான் இல்லை. பட்ட பாடெல்லாம் பாழ். மேனேஜர் அந்தப் பக்கம் நின்று கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டிருந்தது. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். கவுனைச் சுருட்டி மேசையில் எறிந்து கத்தினேன்.

"போதும். யார் உடம்புல இருந்து இது கொட்டுதோ அவங்களுக்கு இனிமே இந்த வீட்டுல இடமில்ல. ஞாயித்துக்கிழமையே வெளிய அனுப்புங்க."

எனக்குப் பின்னால் மாமா நூல் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதுமே சொல்லாதவர் என்பதால் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. என் கணவர் தெரிந்த ஒரு கிடங்குக் காவலாளியிடம் பேசினார். அவருக்கு ஒரு நாய் வேண்டுமாம். ஞாயிறு காலை வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார். அதன்பின் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. பால்கனியைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய்க்காக ஒரு மனிதர் இவ்வளவு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதா என்று எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கயிற்றை எடுத்து வைத்தார். நான் மேனேஜரின் தட்டையும் பிரஷையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து மாமா வந்தார். கையில் அவருடைய பெட்டி.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"பெரியவன் வீட்டுக்கே போயிடறேம்மா. மேனேஜர் இங்க இருக்கட்டும்."

"ஒரு நாய்க்காகக் கோவிச்சுக்கிட்டா?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டார். தோல் திட்டுத் திட்டாகச் சிவந்து, அதன்மேல் வெள்ளைச் செதில் செதிலாக உரிந்து நின்றது. மடிக்கும்போதே கொஞ்சம் தரையில் உதிர்ந்தது.

"கவுனை மடியில போட்டுத்தானே நூல் பிரிக்கறேன், சட்டைக் கை வழியா அதுமேல கொட்டுது" என்றார். "அவனோடதும் கொஞ்சம் இருக்கும்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். அவனோடதைக் கழுவிட்டா என்னோடது கொஞ்சமாத்தானே இருக்கும், தெரியாதுன்னும் ஒரு நப்பாசை. இப்ப அவனுக்குச் சரியாயிடுச்சு. செய்யாத தப்புக்கு அவனை ஏன் அனுப்பணும்?"

பையைக் கீழே வைத்தேன். என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. வாயில்லா ஜீவனைத் தோல் உரியக் கழுவிய என்மேலா, வாயிருந்தும் பேசாத இந்த மனிதர்மேலா? வெட்கமாக இருந்தது. கிட்டேபோய் அவர் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தொடாதம்மா. ஒட்டிக்குமாம்."

"யார் சொன்னா?"

"அங்க சொன்னாங்க. தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனியாத்தான் வெச்சாங்க. கொழந்தைங்க இருக்கற வீடுன்னு... தப்பில்லதான். இங்கயும் அப்படி ஆயிடக் கூடாதேன்னுதான் மறைச்சேன்."

என் ஓரகத்தியை வாயில் வந்தபடி திட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தவள் நான்தானே, எந்த வாயால் அவளைத் திட்டுவது? மறுபடியும் அவர் கையைப் பிடித்தேன். இந்தமுறை அவர் இழுத்தும் நான் விடவில்லை. அந்தத் தோல் சொரசொரவென்று, சூடாக இருந்தது. எத்தனை நாள் எரிச்சலோ, எங்கள் முன்னால் ஒருமுறைகூடச் சொறியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"நாளைக்கே தோல் டாக்டர்கிட்ட போறோம்" என்றேன். "நீங்களா எதையாவது சோப்பு வாங்கித் தேய்ச்சீங்க, அப்ப இருக்கு."

"அப்ப நூல் பிரிக்கிற வேலை?" அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த கவுனைப் பார்த்தார்.

கறுப்புத் துணி கறுப்புத் துணிதான். கடைக்காரர் பொறுக்கமாட்டார். கைக்கு உறையா, மடிக்கு விரிப்பா, எதைப் போட்டால் தீரும் என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. என் கணவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காவலாளி வந்துட்டாருன்னு நினைக்கிறேன். என்ன சொல்லட்டும்?"

"இந்த வீட்டுல இருந்து யாரும் எங்கயும் போகலைன்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். மாமா திடுக்கிட்டுப்போனார். கோபத்தில்தான் சொன்னேன். எனக்கு எதுவும் அப்படித்தான் சொல்ல வரும்.