முனிசாமி கொடுத்த ஆசீர்வாதம்

தோலுரிக்கும் நாலாவது தூக்கம் முடிந்து எழுந்த முனிசாமியின் பட்டுப்புழுக்கள், முப்பத்தாறு தட்டு நிறைய, ஒரே காலையில் பச்சையாக வாந்தி எடுத்துச் செத்தன. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் கூடு கட்டியிருக்கும். ராமகுப்பத்தில் புழு வளர்க்கிற யாரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள், மல்பெரித் தழையில் மருந்து பட்டிருக்கிறது என்று. முனிசாமிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தக்காளித் தோட்டத்து அண்ணாதுரையிடம் முந்தின நாள்தான் கேட்டிருந்தான், காற்று திரும்பும் வரைக்கும் மருந்து அடிக்காதே என்று.

"காத்து என்னா, உங்க நைனா வச்சிட்டுப் போனதா?" என்று கேட்டவன், விடிவதற்குள் அடித்து முடித்துவிட்டான். ஊரில் கேட்டவர்களிடம், "நான் அடிக்கவே இல்லியே" என்றான்.

இரண்டு பேரும் ஒரே சபை. அதிலும் அண்ணாதுரை மூப்பர், மைக் பிடிக்கிறவன். அவன் வாயாலேயே உண்மை வரவேண்டும், அதற்கு முன் வலது கால் ஒடிய வேண்டும். முனிசாமிக்கு வேண்டியது அவ்வளவுதான். பாஸ்டர் எழிலரசனிடம் போய் அதற்கு ஜெபம் கேட்டான்.

"நம்ம சபையில சாபம் கெடையாது, பிரதர். அவரை ஆசீர்வாதம் பண்ணுங்க. அது அவர் தலைமேல நெருப்புத் தணலைக் கொட்டுற மாதிரின்னு வேதத்துல இருக்குது."

"எத்தினி கூடை ஐயா?"

"அது கர்த்தருக்குத்தான் தெரியும்."

கால் ஒடிவதைவிடத் தலை எரிவது மேல் என்று முனிசாமிக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, அண்ணாதுரையின் தக்காளி செழிக்கட்டும் என்று தொண்டை கிழிய ஆசீர்வதித்தான். சபை ஆமென் சொன்னது. அந்த வாரம் ஒரு தக்காளியை இரண்டு ஆள் தூக்கினார்கள்.

"என்னா மனுசன் நீ, புழுவைக் கொன்னவனுக்குப் போய் வாழ்த்துச் சொல்லிக்கினு கீறியே" என்றாள் அவன் பெண்டாட்டி பொன்னியம்மா.

"கம்முனு இரு. தணல் சேர்ந்துக்கினு இருக்குது."

ஆனால் மூன்று வாரம் ஜெப நேரத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தும், அண்ணாதுரை தலையில் எண்ணெய்தான் மினுங்கியது, புகை இல்லை. நாலாவது வாரம் முனிசாமி நன்றாக யோசித்து எழுந்தான்.

"ஆண்டவரே, அண்ணாதுரை தோட்டத்தில உயிருள்ள எதுவும் சாகக் கூடாது. எல்லாம் பலுகிப் பெருகட்டும்."

முதல் ஆமென் அண்ணாதுரையுடையது.

செவ்வாய்க்கிழமை தக்காளியில் புழு வந்தது. மருந்து அடித்தான். புழுக்கள் குடித்துவிட்டு இன்னும் வேண்டுமென்று தலையைத் தூக்கின. வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொன்றும் புடலங்காய் நீளம். ஒன்று மோட்டார் ரூமுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, சுவிட்ச் போடப் போனவனை முறைத்தது. அண்ணாதுரை அதில் ஒன்றைக் கோணிப்பையில் கட்டி, பஸ் ஏறித் திருப்பதிக்குக் கொண்டு போனான். அங்கே பூச்சி படித்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"இதுக்கு மந்து லேதய்யா, மருந்தே கெடையாது. யாரோ உன்னை நல்லா ஆசீர்வாதம் பண்ணிக்கிறாங்க. அவங்களைப் போய்ப் பாரு."

இறங்கிய கையோடு முனிசாமி வீட்டு வாசலில் வந்து நின்றான். வீட்டுக்குள் புதிதாக வாங்கிவந்த புழுக்குஞ்சுகள் தழையை அரித்துக்கொண்டிருந்தன.

"அண்ணா, குடுத்ததைத் திருப்பி எடுத்துக்க."

"ஆசீர்வாதத்தைத் திருப்ப முடியாதுப்பா. மூப்பருக்குத் தெரியாததா?"

"அப்போ ஒரு சாபமாச்சும் உடு."

"எங்க சபையில கெடையாது."

"உங்க சபையா? நானும் அதுலதானே கீறேன்."

"அப்டின்னா அங்கயே எழுந்து நின்னு சொல்லு. யார் அடிச்சது, காத்து எந்தப் பக்கம், நான் கேட்டது, நீ சொன்னது. ஒண்ணு விடாம சொன்னா, உன் புழுவுக்கு ஒரு வழி கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணாதுரை மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னான். முனிசாமியின் அப்பனை இழுத்ததையும் சொன்னான். மூப்பர் பதவி அன்றைக்கே போனது. முனிசாமியும் வாக்குத் தவறவில்லை. தக்காளிப் புழுக்களுக்குச் சீக்கிரம் றெக்கை முளைக்கட்டும், பிரயாணம் சுகமாக இருக்கட்டும் என்று ஜெபித்தான். மறுநாளே அவை கிளம்பி நாயுடுபேட்டைப் பக்கம் பறந்ததைப் பார்த்தவர்கள், ஏதோ குடைகள் போவதாக நினைத்தார்களாம்.

"மனசார மன்னிச்சு, பிரதர் தலையில கை வைங்க" என்றார் பாஸ்டர்.

முனிசாமி இரண்டு கையையும் வைத்தான்.

"ஆண்டவரே, அண்ணாதுரைக்கு நூறு வயசு கொடும். நல்ல பசி கொடும். இன்னிக்கு இந்த வாய் சொன்னதுல ஒரு வார்த்தைகூட மறக்காத ஞாபகத்தையும், அதை யாரைப் பார்த்தாலும் மறைக்காம சொல்ற நாக்கையும் கொடும்."

பாஸ்டருக்கு அதில் குறை ஒன்றும் தென்படவில்லை.

போன மாதம் சந்திரகிரியில் ஒரு கல்யாணம். அண்ணாதுரை பந்தியில் உட்கார்ந்தான். பக்கத்து இலைக்காரர் முன்பின் தெரியாதவர், பெண் வீட்டுக்குத் தூரத்து உறவு. எந்த ஊர் என்றுதான் கேட்டார். அண்ணாதுரை உதட்டை இறுக்கினான். கையால் பொத்தினான். நாக்கு நிற்கவில்லை.

"ராமகுப்பம். நான் மருந்து அடிச்சுப் பக்கத்துத் தோட்டக்காரரோட பட்டுப்புழுவைக் கொன்னவன். வேணுமின்னுதான் அடிச்சேன்."

அவர் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எதிர் வரிசையில் இருந்த முனிசாமி, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டான்.