சுரண்டாத எட்டு மூட்டுகள்

காவ்சியுங் துறைமுகத்தை ஒட்டிய அந்த ரசாயன ஆலையில் மின்கம்பிகளைச் சுமக்கும் இரும்புக் கேபிள் டிரேக்கள் அவ்வளவு நீளம். இந்த முனையில் ஏறுகிற எலி அந்த முனையில் பேரன் பேத்தியோடு இறங்கும். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று மேலாளர் அத்தனைக்கும் நீலப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த பல்லி ஒன்றும் நீலமானது. வந்தவர் அதையும் ஓர் இணைப்பாக எண்ணிக்கொண்டு போனார்.

டிரேயின் ஒவ்வொரு மூட்டிலும், கசியும் மின்சாரத்தைப் பூமிக்கு அனுப்பும் எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்ட் காய்ந்ததும் திரும்ப முடுக்குவது எலக்ட்ரீஷியன் வாங்குக்கும் அவனுக்கு மூத்த கூட்டாளி ஹோக்குக்கும் வேலை. பட்டை உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பைக் காட்டாவிட்டால் அது எர்த் இல்லை, வெறும் நகை. வாங்குக்குத் தெரியாததல்ல. ஆனால் பளபளக்கிற நீலத்தில் கீறல் விழுந்தால் மேலாளர் கத்துவார். பம்ப் அறைக்கு மேலே எட்டு மூட்டுகளை அவன் சுரண்டாமலே முடுக்கினான்.

பத்து நாள் கழித்து, அங்கே டிரே விரலைச் சுள்ளென்று கடிப்பதாக ஹோக் சொன்னான். அடம்பிடிக்கிற இயந்திரத்தின் தலையில் பச்சைப் பை நொறுக்குத்தீனி வைத்தால் சமர்த்தாகிவிடும் என்பது ஆலைக்காரர்கள் நம்பிக்கை.

"ஒரு பை கட்டி விடுண்ணே, கடிக்காது," என்று வாங் சிரித்தான்.

ஹோக் நிஜமாகவே கட்டப் போனான். எங்கோ தோலுரிந்த கேபிள் ஒன்று டிரேயைத் தொட்டுக்கொண்டிருந்தது. மின்சாரத்துக்குப் பூமிக்குப் போக வழியில்லை, ஹோக் வழியானான்.

கையுறை போடாதது அவன் தப்பு என்று ஆலை எழுதி முடித்தது.

இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு வாங் போனபோது, ஹோக்கின் மனைவி சியூ-கிம் கணவன் படத்தைப் பார்க்காமலே அதன்முன் பழம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கையுறை போட சோம்பேறித்தனம். ஏழு வாரமா இந்த மனுஷனைத் திட்டிக்கிட்டேதான் சோறு வைக்கிறேன்."

வாங் சட்டைப்பையிலிருந்து ஓர் எர்த் பட்டையை எடுத்துப் பழத்தட்டின் பக்கத்தில் வைத்தான். அதன் அடியில் நீலம் ஒட்டியிருந்தது.

"அவர் மேல தப்பில்ல அண்ணி. நான் சுரண்டல."

மேலாளர், மூட்டுகள், பச்சைப் பை எல்லாவற்றையும் சொன்னான். அவள் முதல்முறையாகப் படத்தின் பக்கம் திரும்பி அதன் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தாள். ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி அவனிடம் நீட்டினாள்.

"என்கிட்ட சொன்னது போதும், அவர்கிட்ட சொல்லு. நான் திட்டினதுக்கும் சேர்த்துச் சொல்லு. எனக்கு வாய் வரல."

வாங் வாங்கிக்கொண்டான். வத்தி எரிந்து கனல் விரலைத் தொட்டபோதும், சொல்ல வேண்டிய எட்டு மூட்டுகளில் முதலாவதையே அவன் தாண்டியிருக்கவில்லை.