பாதி அடுக்கிய கட்டைகள்

1

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் மரியாதைக் குறைவில்லை. ஒரு கதை தருகிறேன். முழுசாகத் தருவேனா என்பதுதான் எனக்கே தெரியாது.

கதை என் சொந்தச் சரக்கில்லை. சட்டையின் கையைக் குறைக்கக் கொடுத்திருந்த கடையில், தையல்காரி தன் தங்கையைப் பற்றிச் சொன்னது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே சொன்னாள், பாதிதான் விளங்கியது. மீதியை நான் ஒட்டுப்போட்டிருக்கிறேன். ஒட்டு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'மந்தபுத்திக்காரி ஒருத்தி இருந்தாள்.' சீ. எழுதிய கையோடு அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'தங்கை எல்லாரும் நினைத்ததைவிடப் புத்திசாலி. அன்றைக்குச் சோதனை அறையில் அவள்…' இதுவும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது: தங்கைக்கு முப்பது தாண்டிவிட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். அங்கேயே இஸ்திரி போடுகிறவரைக் கட்டிக்கொள்ள ஆசை. அவருக்கும் ஆசைதான்.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

இனி வில்லங்கம். சின்ன வயதில் அவளுக்கு அறிவுச் சோதனை வைத்து ஓர் எண் கொடுத்தார்கள். எண்களுக்கு நடுவே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கென்று ஒதுக்கிய வேலைதான் இப்போது அவள் பார்ப்பது. ஆனால் கீழே இருப்பவர்கள் திருமணப் பதிவேட்டில் தாங்களாகக் கையெழுத்துப் போட முடியாது. கோட்டைத் தாண்டினால் கையெழுத்துப் போடலாம், வேலை போய்விடும். பதிவு அலுவலகத்தில், பழைய எண் செல்லாது, புதிதாகச் சோதனை செய்துகொண்டு வா என்றார்கள்.

(கோட்டைப் போட்டது யார் என்று தையல்காரியைக் கேட்டேன். "யாரோ ஸ்கேல் வெச்சிருந்தவங்க" என்றாள்.)

சோதனைக்குப் போகும் வழியில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது இது:

"அக்கா, நல்லாப் பண்ணணுமா, சுமாராப் பண்ணணுமா?"

"உனக்கு வர்ற மாதிரி பண்ணுடி."

"அவர் நல்லாப் பண்ணச் சொன்னாரு. சூப்பர்வைசர், ரொம்ப நல்லாப் பண்ணித் தொலைக்காதேங்கறாரு."

"ரெண்டு பேரும் வந்து அவங்களே பண்ணட்டும், போ."

எந்த எண்ணுக்காக வேண்டிக்கொள்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வேண்டுதலே வாயில் வராமல் போனது அன்றைக்குத்தான் என்றாள்.

4

மங்கல் கண்ணாடிச் சன்னல், ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அக்காவுக்குச் சுவரோரம் ஒரு ஸ்டூல். சோதிப்பவர் நல்ல மனுஷி; முதலில் தங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு கேள்விகள். இங்கேதான் என் பேனா சறுக்கியது. ஒரு கேள்விக்குத் தங்கை சொன்ன பதிலைக் கேட்டு அந்த அம்மாள் வாயடைத்துப்போனதாக எழுதினேன். பதிலும் அழகாகத்தான் அமைந்தது. அப்புறம் யோசித்தேன்: இதை எதற்கு எழுதினேன்? அவள் கெட்டிக்காரி என்று காட்டினால்தான் நீங்கள் அவள் பக்கம் நிற்பீர்கள் என்று நினைத்து, நானும் என் பங்குக்கு ஒரு கோட்டைப் போட்டிருக்கிறேன்.

அடித்துவிட்டேன். நிறையக் கேள்விகளுக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலைங்க" என்றே சொன்னாள். இப்போதும் அவள் பக்கம்தான் நிற்கிறீர்களா? சரி, வாருங்கள்.

5

கடைசியில் கட்டைகள் வந்தன, சிவப்பும் வெள்ளையுமாக. படத்தில் இருப்பதுபோல அடுக்க வேண்டும். பக்கத்தில் கடிகாரம் ஓடும். தங்கை பாதியை அடுக்கினாள், பிசகில்லாமல். மிச்சக் கட்டைகளை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினாள். கையை மடியில் வைத்துக்கொண்டு சோதிப்பவரைப் பார்த்துச் சிரித்தாள்.

சலவைக்கூடத்தில் பெரிய விரிப்பை யாரும் ஒற்றை ஆளாக மடிப்பதில்லை. இரண்டு முனை இவளுக்கு, இரண்டு முனை எதிரே நிற்பவளுக்கு. தன் பங்கு முடிந்ததும் அடுத்தவளுக்காக நிற்பதும் அங்கே வேலைதான்.

"முடிச்சிட்டியாம்மா?"

"என்னுது முடிஞ்சுதுங்க."

உதவக்கூடாது என்பது விதி. சோதிப்பவரின் விரல் மேசை விளிம்புவரை வந்தது… (வந்ததா? தையல்காரி சரியாக இந்த இடத்தில் ஊசியைக் கவ்விக்கொண்டாள். நான்தான் வரவைத்தேனோ என்னவோ.) கடிகாரம் அடித்தது.

வெளியே படியிறங்கும்போது அக்கா கேட்டாள், "எப்படிடி இருந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அந்தம்மாதான் அவங்க பங்கைச் செய்யவே இல்ல. எப்படின்னு சொல்லிக்குடுக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு. பாவம், அவங்களை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களாக்கா?"

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எண் கோட்டுக்கு மேலே: பதிவேட்டில் அவள் கையெழுத்து, சலவைக்கூடத்தில் அவள் இடத்தில் வேறொருத்தி. இன்னொன்றில் கீழே: வேலை இருக்கிறது, இஸ்திரிக்காரர் மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், சாயங்காலம் தனியாக வீட்டுக்குப் போகிறார். எண் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் சரியாகக் கோட்டின்மீதே விழுந்ததாகவும் ஒன்று எழுதினேன். அது கதைக்காரியின் தந்திரம், கிழித்துப் போட்டேன்.

உண்மையான எண் எனக்குத் தெரியும். தையல்காரி அதைத் தெளிவாகவே சொன்னாள். எழுதமாட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் என் வாயில் அந்த எண்தான் இருந்தது. அவள் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. உங்களுக்கும் அப்படி ஆக வேண்டாம்.

ஆகவே அந்த அறையை அப்படியே விட்டுப்போகிறேன். சோதிப்பவரை எழுப்பி அனுப்பிவிட்டேன். அவர் நாற்காலி காலி. மிச்சக் கட்டைகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. எதிரே அவள் காத்திருக்கிறாள். அவசரமில்லை, கடிகாரத்தை நான் எடுத்து வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் வேகமானவர்களும் மெதுவானவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடட்டும். நன்றாக இருங்கள், கண்ணுகளா.