ஒன்பதாவது மாநிறம்

மூன்று மாதமாக நான்கு மாடியும் படியேறித்தான் வீட்டுக்குப் போனேன். உடம்பைக் குறைக்கிறேன் என்று பக்கத்து வீட்டார் மெச்சினார்கள், நானும் மறுக்கவில்லை. உண்மையில் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பயந்துதான். எங்கள் கட்டட லிஃப்டைப் பராமரிப்பவர் அவர். இறந்துபோன தன் அப்பாவை வரைந்து தரச் சொல்லி ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம் கொடுத்திருந்தார். "இது ஒண்ணுதான் மேடம் இருக்கு" என்று இரண்டு கையாலும் நீட்டினார். அதை நான் தொலைத்துவிட்டேன்.

வெளியில் எங்கும் இல்லை, என் வேலை அறைக்குள்ளேதான். ஆனால் அந்த அறையில் தொலைவதும் கிணற்றில் விழுவதும் ஒன்று. காய்ந்த வண்ணக் குழாய்கள், முடி கொட்டிய தூரிகைகள், ஜாம் பாட்டில்கள், பாதியில் விட்ட படங்கள். அடியில் ஒரு மேசை இருப்பதாக ஞாபகம். "படம் காய்ஞ்சுக்கிட்டு இருக்கு" என்று போனில் மூன்று தடவை புளுகினேன். கடைசியில் அவர், "சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன், காயறதையாவது பாத்துட்டுப் போறேன்" என்றார். அண்ணிக்குப் போன் போட்டேன்.

அண்ணிக்கு மருந்துக் கிடங்கில் வேலை. காலை எட்டு மணிக்கே வந்து, வாசலில் நின்று அறையை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்கண்ணன் சொன்னப்ப கதை விடுறாருன்னு நெனச்சேன். பாவம் மனுஷன், குறைச்சுத்தான் சொல்லியிருக்காரு."

மூன்று குவியல் என்றார்: வைக்க வேண்டியது, போட வேண்டியது, யோசிக்க வேண்டியது. பதினோரு மணிக்கு யோசிக்கும் குவியல் என் இடுப்பளவு வளர்ந்திருந்தது. முடியே இல்லாத ஒரு தூரிகையை அதில் வைத்தேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"கைப்பிடி நல்லா இருக்கு அண்ணி."

அண்ணி அதைக் குப்பைப் பையில் போட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு நிமிடம்தான். அடுத்த தூரிகையை நானே போட்டேன். போடப் போட உடம்பு லேசானது. ஒரு மணிக்கு மேசை தெரிந்தது. புகைப்படம் மட்டும் கிடைக்கவில்லை.

இரண்டரைக்கு, வண்ணம் பார்க்கும் காகிதங்கள் நிறைந்த பையை நானே கட்டிக் கீழே கொண்டுபோகத் தூக்கினேன். வெள்ளையாக எந்தக் காகிதம் கையில் பட்டாலும் அதில் வண்ணத்தைத் தீற்றிப் பார்ப்பது என் பழக்கம். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், எதுவும் தப்பாது.

"நில்லு" என்றார் அண்ணி. "எங்க கிடங்குல ரெண்டு பக்கமும் பாக்காம ஒரு மாத்திரை அட்டை வெளிய போகாது."

பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினார். நூறு இருக்கும். பாதியில் கை நின்றது. "இவரா பாரு."

மெக்கானிக்கின் அப்பாதான். மடித்துவிட்ட சட்டைக்கையோடு படத்திலிருந்து நேராக என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்பாடா, போன உயிர் வந்தது. அண்ணி என் தலையில் லேசாகத் தட்டி, "அழுதது போதும், முகத்தைக் கழுவு" என்றார்.

முகம் கழுவி வந்த பிறகுதான் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பன்னிரண்டு தீற்றல், எல்லாம் பழுப்பு. இப்போது ஞாபகம் வந்தது. அப்பா என்ன நிறம் என்று கேட்டதற்கு மெக்கானிக் "மாநிறம் மேடம்" என்றிருந்தார். உலகத்தில் பாதிப் பேர் மாநிறம்தான். ஒரு ராத்திரி முழுக்க அந்த நிறத்தைத் தேடி, கையில் கிடைத்த அட்டையிலெல்லாம் தீற்றி, ஒன்றும் சரிவராமல் எரிச்சலில் எல்லாவற்றையும் குவியலில் எறிந்திருக்கிறேன். அழுக்காக்கிய ஒரே படத்தை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது?

நாலு மணிக்கு மெக்கானிக் வந்தார். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணி பார்த்த பார்வையில் அது உள்ளேயே போய்விட்டது.

"படம் காயல. நான் ஆரம்பிக்கவே இல்ல. உங்க போட்டோவைத் தொலைச்சிட்டேன், இன்னைக்குத்தான் கிடைச்சுது. பின்னாடி வேற கலர் தடவி வெச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க."

அவர் படத்தை வாங்கி முன்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். பிறகு திருப்பினார். கிரீஸ் ஏறிய விரல் தீற்றல்கள்மேல் மெதுவாக நகர்ந்து ஒன்பதாவதில் நின்றது.

"இதான் மேடம். வேலைக்குப் போயிட்டு வந்து முகம் கழுவினா இந்தக் கலர்ல இருப்பாரு. போட்டோல இதைப் பாத்ததே இல்ல."

அண்ணி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதைப் போட அறையில் இடம் இருந்தது.

மேசையில் உட்கார்ந்து அந்த நிறத்தை மறுபடி கலக்க ஆரம்பித்தேன். என் தோளுக்குப் பின்னால் யாராவது நின்றாலே எனக்குப் பிடிக்காது, இருந்தும் அவரை நிற்க விட்டேன். "கொஞ்சம் மஞ்சள் ஜாஸ்தியா இருக்கே" என்றார் அவர். குறைத்தேன். "இப்ப?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார், அப்பாவைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடி.