மூன்று நாள் மூடி வைத்த அன்னாசி

அன்னாசிப் பழத்தை வாங்கினது புதன்கிழமை. அதைத் தோல் சீவி, பொடிப்பொடியாக நறுக்கி, கண்ணாடி ஜாடியில் சர்க்கரையோடு போட்டு இறுக்கி மூடினது வியாழன் காலை. விருந்தாளிகள் அன்றைக்குச் சாயங்காலம் வருவதாக இருந்தது. பத்து மணிக்கு போன் வந்தது: இன்னைக்கு முடியல, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வர்றோம். நறுக்கின பழத்தை யாராவது தூக்கிப் போடுவார்களா? ஃப்ரிட்ஜில் அந்த ஜாடி நிற்க உயரம் போதவில்லை. அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் ஏற்றி வைத்துவிட்டு, தான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளுக்குச் சீட்டு எழுத, அவள் போய்விட்டாள். இதில் தப்பு கண்டுபிடிக்கிறவர்கள் தாராளமாகக் கண்டுபிடிக்கட்டும். கொஞ்சம் சிக்கனமான பெண் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

வரப்போகிறவர் சாதாரண விருந்தாளி இல்லை, அவள் வீட்டுக்காரருடைய பழைய சூப்பர்வைசர். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் பட்டப்பகலில் குடித்துவிட்டு வேலைக்குப் போய், ஒரு கட்டடத்து லிஃப்டைத் தரைக்கு ஒரு ஜாண் கீழே நிற்கிற மாதிரி விட்டுவிட்டு வந்தார். அதில் கால் வைத்த மனிதர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். வேலை போனது. சூப்பர்வைசர் மட்டும், கைராசியான மெக்கானிக் ஆயிற்றே என்று ஒரு வழி விட்டு வைத்தார்.

"ஒரு வருஷம் தொடாம இருந்து காட்டு. நானே உன் வீட்டுக்கு வந்து பாக்கறேன். அன்னைக்கு லேசா வாசனை அடிச்சாலும், அப்புறம் என் முகத்துல முழிக்காதே."

மனிதர் தொடவில்லை. சும்மா சொல்லிவிடலாம், தொடவில்லை என்று. முதல் இரண்டு மாதம் அவருக்கு டம்ளரைப் பிடிக்கக்கூடக் கை நிற்கவில்லை. ராத்திரி வேர்வையில் தலையணை நனைந்தது. அவள் வீட்டில் இருமல் மருந்து வாங்குவதை நிறுத்தினாள், வினிகர் வாங்குவதை நிறுத்தினாள், முகத்துக்குப் போடுகிற வாசனைத் தண்ணியைக்கூடக் கொட்டினாள். போகப்போக அவர் சாப்பிட ஆரம்பித்தார், சிரிக்க ஆரம்பித்தார், அவள் தைத்து வைத்த பொத்தானைப் பார்த்து "நல்லா இருக்கே" என்று சொல்லக்கூட ஆரம்பித்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு இந்த ஒரு வருஷம்தான் புருஷன் என்று ஒருவர் இருந்தார். சூப்பர்வைசர் வருவது வேலைக்காக. அவளுக்கு வேலைகூட அப்புறம்தான். இந்த மனிதர் இப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விருந்தாளிக்கு என்ன கொடுப்பது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டபோது எதிர்வீட்டு அக்காதான் யோசனை சொன்னாள். அந்த அக்கா சமைத்து யாரும் பார்த்ததில்லை, ஆனால் சமையல் சொல்லிக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"அன்னாசியைச் சர்க்கரையில ரெண்டு மணி நேரம் ஊற வையி. சாறு தானா இறங்கும். பிழிஞ்சு, எலுமிச்சை, புதினா, ஜில்லுனு தண்ணி. குடிச்சவங்க எழுந்து போகவே மாட்டாங்க."

இரண்டு மணி நேரம் என்றாள் அக்கா. ஜாடி பலகையில் இருந்தது மூன்று நாள். அதுவும் வெயில் நாள், அடுப்புச் சூடு வேறு.

ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திருகினதும் 'உஸ்' என்று சத்தம் வந்தது. மேலே நுரை கட்டியிருந்தது. சின்னச் சின்னக் குமிழ் ஏறி ஏறி உடைந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சோடா வாங்காமலே சோடா! முகர்ந்து பார்த்தாள். அன்னாசி வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு கரண்டி வாயில் விட்டாள். சுருக்கென்று இருந்தது. அன்னாசி என்றால் சுருக்கென்றுதானே இருக்கும்? இன்னும் நாலு கரண்டி சர்க்கரை போட்டு, பிழிந்து கூஜாவில் வடித்தாள். சாராய நாற்றம் அவளுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். புருஷன் வாய் வழியாக வந்து தெரியும், வியர்வையோடும் வாந்தியோடும். புதினாவும் எலுமிச்சையும் போட்டுக்கொண்டு, ஜில்லென்று, அழகாக அது வரும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சூப்பர்வைசரும் அவர் மனைவியும் மூன்று மணிக்கு வந்தார்கள். சூப்பர்வைசர் உள்ளே வந்ததும் மெக்கானிக்கைக் கட்டிப் பிடித்தார். பாசம் பாதி, மோப்பம் பாதி. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவள் தட்டில் நாலு கண்ணாடி டம்ளர் வைத்துக் கொண்டுவந்தாள். புதினா இலை மேலே மிதந்தது.

"அட, இது என்னம்மா, ஹோட்டல் தோத்துது போங்க!" என்றார் சூப்பர்வைசர். ஒரே மடக்கில் பாதி டம்ளர் காலி.

"சோடா ஊத்தினீங்களா?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"இல்லீங்க. பழத்துலேர்ந்து தானாவே வந்தது" என்றாள் அவள், பெருமையாக.

அப்போதுதான் அவள் வீட்டுக்காரர் டம்ளரை உதட்டில் வைத்தார். ஒரு வாய். விழுங்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு விழுங்கினார். மூக்கு விரிந்தது. கண் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. கோபமா என்றால் இல்லை. நீ தெரிந்துதான் கொடுத்தாயா என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

அவள் தன் டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனாள். இந்தத் தடவை புதினாவுக்கு அடியில் அந்தப் பழைய நாற்றம் இருந்தது.

மூன்று நாளில் ஒரு பழம் என்ன பெரிய சாராயமாகிவிடும்? வேறு யாருக்கும் தெரியக்கூட இல்லை. ஆனால் ஒரு வருஷமாக வறண்டு கிடந்த நாக்கை யார் ஏமாற்றுவது?

"குடிக்காதீங்க" என்று கத்தியிருக்கலாம். கத்தினால் சூப்பர்வைசர் ஏன் என்று கேட்பார். இதில் போதை இருக்கிறது என்று சொன்னால், இந்த வீட்டில் ஜாடியில் ஊற வைத்துக் குடிக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தெரியாமல் நடந்தது என்றால் யார் நம்புவார்? திருடனுக்குத் தேள் கொட்டின கதை.

"உங்களுக்கு ஐஸ் போட்டுத் தரேன், குடுங்க" என்று எழுந்து வீட்டுக்காரர் டம்ளருக்குக் கை நீட்டினாள்.

"அதான் ஜில்லுன்னு இருக்கே! நீங்க சும்மா உக்காருங்கம்மா, காலைலேர்ந்து நின்னுட்டே இருந்திருப்பீங்க" என்று சூப்பர்வைசர் மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நல்ல மனசுக்காரி. கையை விடவே இல்லை.

"என்னப்பா, சம்சாரம் ஆசையா செஞ்சிருக்காங்க, நீ வேடிக்கை பாத்துட்டு இருக்கே?" என்றார் சூப்பர்வைசர். "முடி, முடி."

வீட்டுக்காரர் முடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது, பன்னிரண்டு மாதத்துக்கு முன்னால் போன ஒரு ஆள் அவர் முகத்துக்குள் திரும்ப வந்து உட்கார்ந்தான். அதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

இரண்டாவது சுற்றுக்குச் சூப்பர்வைசர் மனைவியே கூஜாவை எடுத்தாள். இவள் பதறிப்போய், "அவருக்கு இனிப்பு ஆகாதுங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் டம்ளர் நீண்டது. யாரும் சொல்லாமல், வீட்டுக்காரரே நீட்டினார்.

ஒரு வாசனை பிடிக்க வந்த சூப்பர்வைசர் மூன்று டம்ளர் குடித்துவிட்டுக் கன்னம் சிவக்கச் சிரித்தார். "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்துடு. மனுஷன் திருந்தணும்னா உன்னை மாதிரி திருந்தணும்" என்று வீட்டுக்காரர் முதுகில் தட்டினார். படியிறங்கும்போதும் எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே போனாள் அவர் மனைவி.

கதவைச் சாத்திவிட்டு அவள் திரும்பினாள். வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்றார்.

"மிச்சம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் கூஜாவையும் ஜாடியையும் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். அது போய் முடியும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"தெரியும், உனக்குத் தெரியாதுன்னு." நெற்றி வேர்த்திருந்தது. "கதவைப் பூட்டு. சாவியை நீ வச்சுக்கோ. நான் கேட்டாலும் தராதே. என்ன சொன்னாலும் தராதே."

பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தார். டம்ளர்களைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவினதை மறுபடியும் கழுவினாள். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது?

ஐந்தரைக்கு அவர் எழுந்து வந்தார்.

"நாளைக்கு வேலைக்குப் போகணும். ஷேவ் பண்ண பிளேடு இல்ல. கீழ போய் வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் குளியலறையில் போய்த் தேடினாள். பிளேடு உண்மையிலேயே இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"நான் போய் வாங்கிட்டு வரேன்."

"சரி. போய்ட்டு வா."

போக வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தாள். அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"நீங்க உள்ள போய் உக்காருங்க."

"உக்கார்றேன். நீ தொற."

அவர் உட்காரவில்லை. அவளால் சாவியைத் திருப்பவும் முடியவில்லை, உருவவும் முடியவில்லை. அவர் அடிக்கிற ஆளாக இருந்திருந்தால் அவள் ஊரைக் கூட்டியிருப்பாள். அவர் ஒரு நாளும் கை ஓங்கினதில்லை. கெஞ்சுவார். அவர் கெஞ்சினால் அவள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அவர் கை வந்து அவள் கைமேல் படிந்தது. சில்லென்று இருந்தது. பிடுங்கவில்லை, திருகவில்லை.

"கேட்டாலும் தராதேன்னு சொன்னேன்ல" என்றார். அழுதுகொண்டிருந்தார். "சொன்னேன். நான்தான் சொன்னேன். இப்போ தொறந்து விடும்மா."