தார் தொடங்கும் இடம்

பாலைவனத்துப் பெண்கள் ஏன் பிக்கப் ஓட்டுகிறார்கள் என்று கிணற்றடியில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "ஆட்டைக் கார் சீட்டுல உக்கார வெச்சு பெல்ட்டு மாட்டி விடுவியாடி?" என்பாள் அப்போதெல்லாம் துர்ஃபா. தண்ணீர்த் தொட்டி, தீவனக் கட்டு, கூடாரத் துணி, பிறந்த ஒட்டகக் குட்டி எல்லாம் பின்னால் ஏறும்.

அண்ணன் மனைவி துர்ஃபாவோடு சேர்ந்து ஃபித்தாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பிக்கப்பின் ஹாரன் கேட்டால் மேயப்போன ஆடுகள் தூசி கிளப்பி ஓடி வரும். மணலில் வண்டி சிக்கினால் ஆண்களே அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் தார்ச்சாலை வந்தால் ராஜ்யம் முடிந்தது. பெண் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும், ஓர் ஆண் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அன்றைக்குச் சட்டமும் அதுதான், வழக்கமும் அதுதான். மணலில் புலி, தாரில் பூனை.

ஒரு நாள் ஃபித்தாவின் மகள் அல்யாவுக்கு மாதம் நிறையும் முன்பே வலி கண்டு ரத்தம் போக ஆரம்பித்தது. வீட்டு ஆண்கள் ஒட்டகங்களோடு வடக்கே போயிருந்தார்கள். ஃபித்தா வண்டியின் பின்னால் மெத்தை விரித்து மகளைப் படுக்க வைத்தாள். துர்ஃபா அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். மணல்மேடுகளை பிக்கப் குலுங்காமல் ஏறி இறங்கியது. அப்படி அவள் அதற்கு முன்பும் ஓட்டியதில்லை, பின்பும் ஓட்டியதில்லை.

தார்ச்சாலை வந்தது. கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"ஏன் உம்மா நின்னுட்ட?" என்றாள் அல்யா.

"ஆம்பள ஆள் யாராச்சும் வரட்டும்மா. இதோ வந்துருவாங்க."

"நானும் அதான் சொல்றேன்" என்றாள் துர்ஃபா. "போலீஸ் பிடிச்சா உன் புருஷனைத்தான் உள்ள வைப்பான். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு?"

ஒரு லாரி வந்தது. தனியாக நிற்கும் பெண்களைப் பார்ப்பது மரியாதையில்லை என்று ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அந்நிய ஆண் என்று ஃபித்தாவும் முகத்திரையை இழுத்துக்கொண்டாள், கையைத் தூக்கவில்லை. மரியாதையாம் மரியாதை! வெயில் ஏறியது. மெத்தை நனைந்துகொண்டே இருந்தது.

"நீயே ஓட்டு உம்மா" என்றாள் அல்யா. குரல் வற்றிப்போயிருந்தது.

ஃபித்தா வண்டியைத் தாரில் ஏற்றினாள்.

ஊருக்கு முன்னால் சோதனைச் சாவடி. காவலர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கைகளைப் பார்த்தார், பின்னால் எட்டிப் பார்த்தார். உடனே கம்பத்தைத் தூக்கினார். "போங்க பெரியம்மா, போங்க! அல்லா காப்பாத்துவான்!" என்று கத்தி, முன்னால் நின்ற வண்டிகளை ஓடிப்போய் விலக்கினார். அவ்வளவுதான். இந்தக் கம்பத்துக்குத்தான் அவள் அத்தனை நேரம் பயந்து கிடந்தாள்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்ற ஆஸ்பத்திரி டாக்டரம்மா, ஃபித்தாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். தாயுமில்லை, பிள்ளையுமில்லை.

யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாலையோரம் அடக்கமாகக் காத்திருந்ததை மெச்சியவர்கள்கூட உண்டு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த மெச்சுதல்தான் அவளை அறுத்தது.

பல வருடம் கழித்துச் சட்டம் மாறியது. ஃபித்தாவும் லைசென்ஸ் எடுத்தாள். பழைய பிக்கப் படுத்துவிட்டதால் மகன் ஃபலாஹ் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"இனிமே ஏசியைப் போட்டுக்கிட்டு ராணி மாதிரி போ உம்மா."

அவள் பின்கதவைத் திறந்தாள். சீட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கையால் தடவிப் பார்த்தாள்.

"இதுல ஒரு பொண்ணு காலை நீட்டிப் படுக்க முடியுமாடா?"

"யாரு உம்மா படுக்கப் போறா?" என்று சிரித்தவனுக்கு, கேட்ட பிறகுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு சாவியைச் சட்டைப்பையில் போட்டான். மறுவாரம் பிக்கப் வந்தது.

இப்போது கிணற்றடியில் 'ஏன் பிக்கப்?' என்ற அந்தக் கேள்வி வந்தால் துர்ஃபா ஜோக் அடிப்பதில்லை. ஃபித்தாவின் வண்டியில் ஆடு இருக்கிறதோ இல்லையோ, சுருட்டிய மெத்தை ஒன்று எப்போதும் இருக்கும். வலி கண்ட எந்தப் பெண்ணுக்கும் முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

தார் நெருங்கும்போது, "பிடிச்சுக்கங்கடி!" என்று துர்ஃபா பின்னாலிருந்து கத்துவாள். ஃபித்தா தூரத்திலேயே இரண்டு பக்கமும் பார்த்துவிடுவாள். நின்று பார்த்து ஏறு என்று எத்தனை பேர் சொல்லியும் அந்தத் தார் ஓரத்தில் மட்டும் அவள் நிற்பதில்லை.