ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

ஐந்து மணிக்கு ஆவுடைநாயகம் வந்து காரைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் இன்றே சாவி கைமாறும். என் மாமனார் அய்யாக்குட்டி, தன் காரை விற்கப் போவதைக் கரண்ட் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

போன வாரம் ஐந்தருவி ஏற்றத்தில் அவர் ஓட்டிப்போன கார் திணறித் திணறி நின்றுவிட்டது. பின்னால் சீசன் கூட்டம். அத்தனை வேன்களும் ஹாரன் அடித்திருக்கின்றன. முப்பத்தொரு வருஷம் போலீஸ் ஜீப் ஓட்டியவர் அவர். சர்க்கரையால் ஏற்கனவே பாதம் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் வலது காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் போயிட்டு. மிதிக்கது தெரிய மாட்டேங்கு" என்றார். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சீசனில் தினமும் விடிகாலை அருவிக்குப் போகிறவர், பாத்ரூமில் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

காலையில் ஆபீஸ் கிளம்பிய என் மனைவி சங்கரேஸ்வரி வாசலில் நின்றாள். "ராத்திரி பூரா அமெரிக்காக்காரனுக்கு வண்டி ரிப்பேர் சொல்லிக் குடுத்தீயள்லா. எங்கப்பா வண்டிய ஒருதரம் பாத்தா கொறஞ்சா போயிருவீய?"

அவள் சொன்னது உண்மை. நான்கு வருஷம் சென்னையில் இரவு ஷிப்ட். எங்கோ ஒரு நாட்டில் காரைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போன் செய்கிறவர்களுக்கு, அடுத்து எந்தத் திருகாணி என்று சொல்லும் வேலை. தூக்கம் கெட்டது, விட்டுவிட்டேன். நான்கு மாதமாகக் குத்துக்கல்வலசையில் மாமனார் வீடு. இரவும் பகலும் இன்னும் எனக்குள் இடம் மாறவில்லை. பகலில் எதைப் பார்த்தாலும் தண்ணீர் நிரம்பிய தம்ளர் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும்.

எஞ்சினின் காற்று சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி என்று முந்நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

தென்காசியில் அதற்கான ஸ்பிரேயை வாங்கி வந்து, மத்தியானம் பானெட்டைத் திறந்தேன். வெயிலும் சாரலும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மேற்கே மலை இருந்தது. திரும்பிப் பார்த்தபோது இல்லை.

காற்று ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த குழாய் மேல் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருந்தது சென்சார். தலைக்குள் என் பழைய குரல் ஆங்கிலத்தில் தொடங்கியது. அவசரமே இல்லாத குரல். சாவியை எடுத்து வெளியே வையுங்கள். ஒயரை இழுக்காதீர்கள், அதன் முனையிலுள்ள பூட்டை அமுக்குங்கள். நட்சத்திரத் தலைத் திருகாணி இரண்டு இருக்கும். நேராகத் தூக்குங்கள். குரல் சொல்லச் சொல்லக் கை செய்தது. வேறு யாரோ ஒருவரின் கை.

சென்சாரின் வாய்க்குள் தலைமுடிபோல ஒரு கம்பி. ஓடும்போது அது சூடாக இருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று அதைக் குளிரவைக்கும். எவ்வளவு குளிர்கிறதோ, அதைப் பார்த்துத்தான் பெட்ரோல் போகும். விரல் பட்டால் அறுந்துவிடும். பனி கொட்டும் ஊரிலிருந்து பேசிய ஒருவர், நான் சொல்வதற்குள் அதைத் துணியால் துடைத்துவிட்டார். அப்புறம் புதுசு என்ன விலை என்று கேட்டார்.

கம்பி மேல் கருப்பாகப் பிசுக்கு. வெறும் தூசி இப்படி ஒட்டாது. பெட்டியைத் திறந்து ஃபில்டரை எடுத்தேன். பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதம்போல் எண்ணெயில் ஊறிக் கனத்தது. சங்கரேஸ்வரிக்குப் போன் செய்து, புது ஃபில்டர் ஒன்று வாங்கி வரச் சொன்னேன்.

"என்ன மாப்ள, கழட்டிட்டியளா?" மாமா பின்னால் வந்து நின்றார். தோளில் துண்டு. "கொண்டாங்க, தொடச்சிருதேன்."

"தொடாதீங்க மாமா!"

"துண்டு சுத்தமாத்தான இருக்கு."

"சாமி வந்தாலும் தொடக் கூடாது."

"அவரு எங்க வரப் போறாரு" என்று கையை இழுத்துக்கொண்டார்.

பத்துத் தடவை ஸ்பிரே அடித்தேன். கருப்பு கரைந்து சொட்டியது. விரல் நுனி சில்லிட்டது. முழுக்கக் காயாமல் மாட்டக் கூடாது. சாரல் நாளில் இங்கே பனியன் காயவே இரண்டு நாள். ஹாலில் அந்த ஸ்டூல் மேல் சென்சாரை வைத்து, எதிரே உட்கார்ந்தேன்.

தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. மலைக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீட்டுக்குள் நடந்து வந்தது. முந்நூறு பேரும் ஹாலில் இருந்தார்கள். ஆளுக்கொரு சென்சார் மடியில். யாரும் அடுத்தது என்ன என்று கேட்கவில்லை. காற்று ஒவ்வொருவர் முன்னும் நின்று தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தது. என்னிடம் வரும்போது விழித்தேன்.

மாமா ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று துண்டை மெதுவாக வீசிக்கொண்டிருந்தார். "நீங்க ஒறங்குங்க. ஈ ஒண்ணு சுத்துது, அதான் வெரட்டிக்கிட்டு இருக்கேன்."

நாலரைக்கு சங்கரேஸ்வரி பெர்மிஷன் போட்டுவிட்டு ஃபில்டரோடு வந்தாள். பெட்டியைத் துடைத்து, எல்லாவற்றையும் மாட்டி, காரை ஸ்டார்ட் செய்தேன். குலுங்கவில்லை. மிதித்ததும் சீராக எழுந்தது.

மாமா கேட்டுக்கொண்டே நின்றார். "நல்லதாப் போச்சு. நாயகத்துக்கு நல்ல வண்டியாவே குடுத்துரலாம்."

நான் பாதி மத்தியானம் மெனக்கெட்டது வண்டியை விற்கத்தான் உதவியிருக்கிறது. கீழே கிடந்த பழைய ஃபில்டரைத் தூக்கிக் காட்டினேன்.

"இதுல எண்ணெய் விட்டது யாரு மாமா?"

சங்கரேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

"நான்தான்" என்றார் மாமா. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம விடுவேன். ஏர் கிளீனர் சட்டியில எண்ணெய் இல்லாம ஜீப்ப எடுத்தா எங்க இன்ஸ்பெக்டர் மெமோ குடுத்துருவாரு. தூசியெல்லாம் எண்ணெயில ஒட்டிக்கிடும்லா. இப்பவுள்ள பயலுவளுக்கு அது எங்க தெரியுது?"

"அது ஜீப்பு. இது பேப்பரு. இதுல விட்ட எண்ணெய் போய் கம்பியில ஒட்டிட்டு. காத்து எவ்வளவு வருதுன்னு வண்டிக்குத் தெரியல. அதான் ஏத்தத்துல நின்னுட்டு."

மாமா ஃபில்டரை வாங்கி மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. முப்பத்தொரு வருஷத்தை என் கையால் சாக்கடையில் போட்டதுபோல் இருந்தது. சங்கரேஸ்வரி என்னை முறைத்தாள்.

"அப்பம் கால் இல்லியா?" என்றார்.

"கால் மரக்கது மரக்கதுதான். அத டாக்டர்ட்ட காட்டணும். அன்னைக்கு வண்டி நின்னது காலால இல்ல. எண்ணெயால."

"எண்ணெயால" என்றார். "நான் விட்ட எண்ணெய்." சிரிக்க ஆரம்பித்தார். நிற்கவே இல்லை. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஏட்டி ஈஸ்வரி, ஒங்கப்பன் கூறுகெட்டவன்ட்டி! கால் நல்லாத்தான் இருக்கு, மூளதான் சரியில்ல!" இவ்வளவு சந்தோஷமாகத் தன்னைத் திட்டிக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

ஆவுடைநாயகம் குடையை மடக்கிக்கொண்டு வந்தபோது மாமா ஓட்டுநர் சீட்டில் இருந்தார். "என்னவே, விக்கப் போற வண்டிய நீரே ஓட்டுதீரு?"

"பின்னால ஏறும்வே."

நானும் ஏறிக்கொண்டேன். இலஞ்சி தாண்டும்போது ஜன்னலை இறக்கினோம். காற்று ஈரமாக, ஆளைத் தூக்குவதுபோல் வந்தது. மலை மறுபடி இருந்தது, முன்னைவிடப் பக்கத்தில். எனக்குக் கண் சொருகியது.

ஐந்தருவி ஏற்றத்தில் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. மாமா கியரைக் குறைத்து மிதித்தார். கார் ஏறியது. பாதி ஏற்றத்தில் ஒரே ஒருமுறை குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். ரோட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"ஓட்டம் நல்லாருக்கே. என்ன வெலவே சொல்லுதீரு?" என்றார் ஆவுடைநாயகம்.

மாமா ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தார். "தண்ணி நல்லா விழுது போல" என்றார். "துண்டு கொண்டாந்திருக்கீராவே?"